ஒரு நீதியரசரை யார் வீட்டுக்கு அனுப்பலாம்?

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு நான் கதைக்க வந்த விசயத்தில் கொஞ்சம் சட்டப் புத்தக வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காணிக்காகவோ காணாமற்போன பிள்ளைக்காகவோ தடுப்பில் இருக்கும் ஒருவருக்காகவோ கோப்பைக் கட்டிக்கொண்டு இரவு பஸ்சில் கொழும்புக்குப் போன எல்லோருக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விசயம்.

யாழ்ப்பாணத்திலேயே நீதிவான் நீதிமன்றம் இருக்கிறது, மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, மேல் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் கொழும்பில் ஒரு அமைச்சரோ திணைக்களமோ எடுத்த முடிவை நிறுத்தவேண்டுமென்றால் பெரும்பாலும் எழுத்தாணை கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், அடிப்படை உரிமை மனு என்றால் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு, இரண்டும் இருப்பது கொழும்பு புதுக்கடையில். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்கென்று சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது எங்கள் சனம் போனதும் அந்த மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான். ஆகவே அங்கே ஆசனத்தில் இருப்பவர், அரசாங்கத்துக்கு எதிராக ஒரு தீர்ப்பு எழுதினால் தன் கதிரை பறிபோகுமா என்று யோசிக்கவேண்டிய நிலையில் இருக்கிறாரா இல்லையா என்பது எங்களுக்குப் பெரிய விசயம்.

சரி, அரசியலமைப்பு என்ன சொல்கிறது? 1978 அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரையில்தான் எல்லாம் இருக்கிறது. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்களும் மேன்முறையீட்டு நீதிமன்றத் தலைவரும் அதன் நீதியரசர்களும் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் 65 வயதுவரை, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63 வயதுவரை. அதற்கு முன் ஒருவரை நீக்குவதென்றால் நிரூபிக்கப்பட்ட துர்நடத்தை அல்லது இயலாமை என்ற காரணம் வேண்டும். பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில், அன்றைக்கு வராதவர்களையும் சேர்த்துத்தான், பெரும்பான்மையானோர் ஆதரித்த ஒரு வேண்டுகோள் ஜனாதிபதிக்குப் போகவேண்டும், அதன் பிறகு ஜனாதிபதி கட்டளையிடவேண்டும். 225 பேர் கொண்ட சபையில் 113 பேர். பிரேரணையைச் சபாநாயகர் கையில் எடுப்பதற்கே மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 75 பேர், குற்றச்சாட்டின் முழு விபரத்தோடு கையெழுத்து வைத்திருக்கவேண்டும். சம்பளத்தையும் குறைக்க முடியாது, அது 108ஆம் உறுப்புரை.

இந்த ஏற்பாடு எங்களுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அரசன் தனக்குப் பிடிக்காத நீதிபதியை நினைத்த நேரம் தூக்கினான், 1616இல் எட்வர்ட் கோக் என்ற பிரதம நீதியரசருக்கே அது நடந்தது. அதற்கு முடிவு கட்டத்தான் 1701இல் சட்டம் போட்டு, நன்னடத்தை உள்ளவரை பதவி, நீக்குவதென்றால் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கேட்கவேண்டும் என்று எழுதினார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கே அந்த வழியில் பதவி இழந்தவர் ஒரே ஒருவர், 1830இல் ஜோனா பரிங்டன் என்ற அயர்லாந்து நீதிபதி. சுதந்திரத்தோடு வந்த எங்கள் சோல்பரி அரசியலமைப்பிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது.

பிறகு ஏன் இங்கே இவ்வளவு குழப்பம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த பதில், இங்கே நீதியரசர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் 107ஆம் உறுப்புரையின் முன்வாசலால் வரவில்லை, பக்கத்து வழிகளால் வந்தது. 1978 அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளன்று அதன் 163ஆம் உறுப்புரை, அதுவரை இருந்த உயர் நீதிமன்ற, மேல் நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் பதவி இழந்தார்கள் என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டது. சிலருக்கு உயர் நீதிமன்றத்தில் மறுபடி இடம் கிடைத்தது, சிலரைப் புதிதாக உண்டாக்கிய மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள், சிலர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர்மேலும் குற்றச்சாட்டு இல்லை. நீதிபதிக்குப் பதவிப் பாதுகாப்புத் தருகிற அதே அரசியலமைப்புதான் இதைச் செய்தது.

அடுத்தது 1983. பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று ஆறாம் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தால் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆசனம் இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே சத்தியப்பிரமாணம் உயர் நீதிமன்றத்தின் கதவைப் பூட்ட வைத்தது என்பது பலருக்குத் தெரியாது. நீதியரசர்கள் ஜனாதிபதிக்கு முன்னால் போகாமல் தங்களுக்குள்ளேயே ஒருவர் முன் ஒருவர் பிரமாணம் எடுத்தார்கள், அது செல்லாது, அவர்கள் பதவியில் இல்லை என்று அரசாங்கம் சொன்னது. அந்த செப்டெம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்து வாசலைப் பொலிஸ் காவலோடு பூட்டி வைத்தார்கள். பிறகு ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன மறுபடி நியமனம் கொடுத்துத்தான் அவர்கள் ஆசனத்தில் இருந்தார்கள். 1983 செப்டெம்பர், ஜூலை முடிந்து இரண்டு மாதம்கூட இல்லை. நீதிமன்றத்தை நம்பவேண்டிய தேவை எங்கள் சனத்துக்கு அதைவிட எந்தக் காலத்தில் இருந்தது?

அடுத்த வருடம் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் ஒரு பரிசளிப்பு விழாவில் ஜனாதிபதியை விமர்சித்துப் பேசினார் என்று அவருக்கு எதிராகப் பாராளுமன்றம் கிளம்பியது. நீக்குவதற்கு நடைமுறை ஒன்றும் கையில் இருக்கவில்லை. அதனால் 1984 ஏப்ரலில் 78அ என்ற நிலையியற் கட்டளையை, அதாவது பாராளுமன்றம் தன் நடவடிக்கைகளுக்கென்று தானே வகுக்கும் விதி ஒன்றை, அவசர அவசரமாகப் போட்டார்கள். சபாநாயகர் ஏழு பேருக்குக் குறையாத தெரிவுக்குழு ஒன்றை நியமிப்பார், அந்தக் குழு குற்றச்சாட்டை விசாரிக்கும், நீதியரசர் வந்து பதில் சொல்லலாம். விசாரிக்கிறவர்கள் முழுப்பேரும் பாராளுமன்ற உறுப்பினர்கள். சமரக்கோனின் துர்நடத்தை நிரூபிக்கப்படவில்லை என்றுதான் அந்தக் குழு கடைசியில் சொன்னது, அவரும் அந்த ஒக்டோபரில் 65 வயதில் ஓய்வு பெற்றுப் போனார். குழுவில் இருந்த எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அப்போதே எழுதிவைத்தார்கள், இப்படியான விசாரணையை நீதிபதிகள்தான் செய்யவேண்டும், அரசியல்வாதிகள் அல்ல என்று. எழுதியது எழுதினபடியே கிடந்தது.

இருபத்தெட்டு வருடம் கழித்து அதே 78அ வெளியே எடுக்கப்பட்டது. நாட்டின் முதல் பெண் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க. 2012இல் வறுமை ஒழிப்புக்கென்று புதிய திணைக்களம் அமைக்கும் திவிநெகும சட்டமூலம் வந்தபோது, இது மாகாண சபைகளின் விடயத்தில் கைவைக்கிறது, அவற்றிடம் கேட்கவேண்டும் என்று அவர் தலைமையிலான ஆயம் சொன்னது. அப்போது வடக்கில் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநர் சம்மதித்தால் போதும் என்று அரசாங்கம் வாதிட்டது, ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் மறுத்தது. அந்த நாட்களிலேயே, நவம்பர் தொடக்கத்தில், 117 உறுப்பினர்களின் கையெழுத்தோடு 14 குற்றச்சாட்டுகள் சபாநாயகரிடம் போயின. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அரசாங்கம் சொன்னது. நான் அதை நம்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். தெரிவுக்குழுவில் 11 பேர், அரசாங்கப் பக்கம் ஏழு, எதிர்க்கட்சிப் பக்கம் நான்கு. அந்த நான்கில் ஒருவர் எங்கள் இரா. சம்பந்தன். டிசம்பர் 6ஆம் திகதி பின்னேரம் ஆயிரம் பக்கத்துக்குக் கிட்டிய ஆவணக் கட்டு ஒன்றைப் பிரதம நீதியரசரின் கையில் கொடுத்து, மறுநாளே ஆயத்தமாக வா என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வேலித் தகராறு வழக்குக்குக்கூட மறுமொழி கொடுக்க இதைவிடக் கூடத் தவணை கிடைக்கும். அவர் தன் சட்டத்தரணிகளோடு எழும்பி வெளியே வந்துவிட்டார். அடுத்த நாள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நான்கு பேரும் வெளியேறினார்கள். மிஞ்சியிருந்த அரசாங்க உறுப்பினர்கள் ஏழு பேர் மட்டும் இருந்து, குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லாமல் சாட்சிகளை விசாரித்து, 8ஆம் திகதி அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள், மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணம் என்று. அந்தக் குற்றச்சாட்டுகளில் உண்மை இருந்ததா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை, ஒருவேளை ஏதாவது இருந்திருக்கலாம், ஆனால் அப்படி விசாரித்தால் அதை அறியவே வழியில்லை.

இதற்குள் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கேள்வி போயிருந்தது. 107ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி, விசாரணைக்கான ஏற்பாடுகளைப் பாராளுமன்றம் சட்டத்தின் மூலமோ நிலையியற் கட்டளைகளின் மூலமோ செய்யலாம் என்கிறது. எதையும் எதன் மூலமும் செய்யலாமா? காமினி அமரதுங்க, கனகசபாபதி ஸ்ரீபவன், பிரியசாத் டெப் ஆகிய மூன்று நீதியரசர்கள் 2013 ஜனவரி 1ஆம் திகதி பதில் சொன்னார்கள். சபைக்குள் பிரேரணை எப்படி வரும், எப்போது வாக்கெடுப்பு என்பதற்கு நிலையியற் கட்டளை போதும். ஆனால் ஒருவரைக் குற்றவாளி என்று காணும் அதிகாரம், அவரின் உரிமையைப் பாதிக்கிற அதிகாரம், சட்டத்தால் மட்டுமே கொடுக்கப்படலாம். என்ன அளவான நிரூபணம் வேண்டும், துர்நடத்தை என்றால் என்ன, இதெல்லாம் சட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு வாரத்துக்குள், 7ஆம் திகதி, எஸ். ஸ்ரீஸ்கந்தராஜா தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் தெரிவுக்குழுவின் அறிக்கையை இரத்துச் செய்தது. அன்றைய நாட்டு நிலைமையில் அந்தத் தீர்ப்புகளில் கையெழுத்து வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பாராளுமன்றம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 11ஆம் திகதி 155க்கு 49 என்று வாக்களித்தது, 13ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச கட்டளையில் ஒப்பமிட்டார், 15ஆம் திகதி மொஹான் பீரிஸ் புதிய பிரதம நீதியரசர். ஆக, வலிகாமம் வடக்குக் காணிக்காரர் புதுக்கடைப் படியேறியது, இவ்வளவும் நடந்து சில மாதங்களுக்குள். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த ஒவ்வொரு நீதியரசரும் ஜனவரியில் நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள்.

அப்புறம் 2015. ஆட்சி மாறியது. 2013இல் பாராளுமன்றம் வாக்களித்தது முறையான வேண்டுகோள் ஒன்றின்மேலே அல்ல, ஆகவே நீக்கமே செல்லாது, பீரிஸின் நியமனமும் செல்லாது என்று புதிய அரசாங்கம் சொன்னது. சிராணி பண்டாரநாயக்க ஜனவரி 28ஆம் திகதி திரும்பி வந்து மறுநாள் ஓய்வு பெற்றார். பிறகு ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார், யாழ்ப்பாணத்தில் பலருக்கு அது பெருமையான நாள். அநியாயம் திருத்தப்பட்டது என்று எல்லோரும் சந்தோசப்பட்டோம். ஆனால் இதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: இரண்டு வருடம் பிரதம நீதியரசராக இருந்த ஒருவர், அவர் வந்த வழி எவ்வளவு பிழையானாலும், ஜனாதிபதியிடமிருந்து வந்த ஒரு அறிவித்தலோடு பதவி இழந்தார். எந்த நீதிமன்றமும் அதைத் தீர்மானிக்கவில்லை. நல்ல ஜனாதிபதி செய்தால் சரி என்று நாங்கள் அதை விட்டுவிட்டால், நாளைக்கு வேறொரு ஜனாதிபதி அதே கடிதத்தை எழுதும்போது என்ன சொல்லி மறிக்கப்போகிறோம்?

இன்னொன்று, 2013 ஜனவரித் தீர்ப்பு இன்றைக்கு உயிரோடு இல்லை. 2014 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் வேறொரு ஆயம் அதை மாற்றிவிட்டது. ஆகவே சட்டம் வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. ஆனால் இதைக் கேளுங்கள்: சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்குவதற்கு 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2025இல் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோனை அந்தச் சட்டத்தின்படிதான் நீக்கினார்கள். உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் மூன்று பேர் கொண்ட குழு பல வாரம் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகுதான் பாராளுமன்றம் 177 வாக்குகளால் தீர்மானம் எடுத்தது. பொலிஸ் மா அதிபருக்குக் கிடைக்கிற முறையான விசாரணை பிரதம நீதியரசருக்கு இல்லை. இதை எந்த நியாயத்தில் ஏற்றுக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தியாவில் 1968இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட அறிஞர் ஒருவர், இந்த மூவரும் விசாரித்துக் குற்றம் கண்டால்தான் பிரேரணை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கே போகும். அதுவும் பூரணமானது இல்லை. 1993இல் வி. ராமசாமி வழக்கில் குழு குற்றம் கண்டும், காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்ததால் பிரேரணை தோற்றது. கடைசிச் சொல் அரசியல்வாதிகளிடம் இருக்கும்வரை அப்படியும் நடக்கும். இருந்தாலும், குற்றமற்ற ஒருவரை இரண்டு நாளில் குற்றவாளி ஆக்குவதற்கு அங்கே வழியில்லை.

கீழ் நீதிமன்றங்களைப் பற்றி நேரம் போதாது, ஒன்று மட்டும். 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி, உயிரச்சுறுத்தல் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டு நாட்டை விட்டே போனார். வடக்கில் சட்டத்தரணிகளான நாங்கள் நீதிமன்றத்துக்குள் போகாமல் வெளியே நின்றோம். இப்படியான நீதிபதிகளை நீக்கும் அதிகாரமுள்ள நீதிச்சேவை ஆணைக்குழு அவரை நீக்கவில்லை, யாரும் பிரேரணை கொண்டுவரவில்லை, ஆனாலும் ஆசனம் காலியானது.

புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் பிரதிநிதிகள் அதிகாரப் பகிர்வைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அந்த வரைபு உங்கள் கைக்கு வந்தால் இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள். நீதியரசரை விசாரிக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒன்று. இடைக்கால ஏற்பாடுகள் என்று கடைசிப் பக்கங்களில் வரும் பகுதியில், இப்போது பதவியில் இருக்கும் நீதிபதிகள் புதிய அரசியலமைப்பின் கீழும் தொடர்வார்கள் என்று எழுதியிருக்கிறதா, 1978 போல வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மற்றது. சந்தேகம் இருந்தால் ஊரில் உள்ள ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள், உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.