ரத்தப் புற்றுநோயும் வைட்டமின் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டிலும் கோவையிலும் ரத்த நோய் மருத்துவனாக வேலை பார்த்தவன் நான். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, வீட்டார் மட்டும் திரும்பி வந்து மெதுவாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க டாக்டர், எங்கய்யனுக்கு வைட்டமின் கம்மின்னு ரிப்போர்ட்ல போட்டிருக்குதுங்களே, அதைய ஏத்திவுட்டா நோவு சீக்கிரம் கேக்குமுங்களா?"

நல்ல கேள்விதான். ஆனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி.

முதலில் டி வைட்டமின். இத்தனை வெயில் அடிக்கிற ஊரில் அது எப்படிக் குறையும் என்று நீங்கள் நினைக்கலாம். வெயில் அடித்தால் போதாது, நம் தோலில் பட வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் காலையில் நுழைந்தவர் இருட்டிய பிறகு வெளியே வருகிறார். பவானியில் ஜமக்காளத் தறிக்குழியில் உட்கார்ந்தவருக்கும் அதே கதை. ரத்தப் புற்றுநோய் வந்தவரோ வீட்டைவிட்டே இறங்குவதில்லை. சாப்பாடும் இறங்குவதில்லை.

லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். அதில், வேகமாக வளரும் சில வகை லிம்போமாக்களில் டி வைட்டமின் குறைவாக இருந்தவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது. அப்புறம் வேறு ரத்தப் புற்றுநோய்களிலும் இதே மாதிரி செய்திகள் வந்தன. இதைப் படித்த யாருக்கும் தோன்றுவது என்ன? குறைந்ததை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றுதானே?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் பக்கத்து மஞ்சள் விவசாயிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இலை வெளுத்தால் உரம் போதவில்லை என்றும் இருக்கலாம், அடியில் கிழங்கு அழுகல் என்றும் இருக்கலாம். அழுகலுக்கு யூரியா போட்டால் காசுதான் போகும். டி வைட்டமினும் அப்படி. குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் குறைந்ததா? ரத்த ரிப்போர்ட்டில் இருக்கிற ஓர் எண் அதைச் சொல்லாது.

சொல்ல வேண்டுமானால் கொடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். மெதுவாக வளரும் லிம்போமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தினமும் 2000 யூனிட் டி வைட்டமின் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. 3 வருடம் கழித்துப் பார்த்தால் நோயின் போக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்காக டி வைட்டமினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்புக்கு அது வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டாயம் பார்த்துக் கொடுக்க வேண்டும். புற்றுநோய்க்கான மருந்தாக அதை நினைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு முறை பெருந்துறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை மகன் கூட்டி வந்தார். மல்டிபிள் மைலோமா, எலும்பைத் தின்கிற ரத்தப் புற்றுநோய். பெரியவருக்கு அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம். மகன் மஞ்சப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். சத்து டானிக் இரண்டு பாட்டில், ஒரு லேகியம், 60,000 யூனிட் டி வைட்டமின் பாக்கெட்டுகள் ஒரு கத்தை. வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் நிறுத்த வேண்டிய பாக்கெட் அது. "தெம்பு வரட்டுமுன்னு தெனமும் பால்ல கலக்கிக் குடுத்தனுங்க" என்றார். மைலோமாவில் ஏற்கெனவே எலும்பு கரைந்து ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும்? மகன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாசத்தில் செய்தது. எத்தனை நாளுக்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என்னால் மைக் முன்னால் உட்கார முடியாது.

எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று அறுவை சிகிச்சை அங்கியைக்கூடக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்கிற குடல் நோய்க்கு உடன்பிறந்தவர்கள் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். அமெரிக்கா போனார், கடைசியில் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கே தலைவரானார். அங்கே அவருடைய குழு செயற்கையாகச் செய்த பொருள்களில் ஒன்று ஃபோலிக் அமிலம் என்கிற பி வகை வைட்டமின். ஸ்ப்ரூவுக்கும் அது கேட்கும்! கீரையில் இருக்கிற அதே சத்து. இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. பம்பாயில் மில் வேலைக்குப் போன கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ்தான், ஈஸ்ட் சாரத்தில் இருந்த ஏதோ ஒன்று அதைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் எழுதினார். அந்த ஏதோ ஒன்றுதான் ஃபோலிக் அமிலம். மில் தொழிலாளிகள் நிறைந்த நம் ஊர்க்காரர்கள் அந்த அம்மாவின் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர். ரத்தசோகைக்குக் கேட்கிறதே, லுகீமியா என்கிற வெள்ளணுப் புற்றுநோய்க்கும் கேட்கும் என்று ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது! சத்து என்று கொடுத்தது புற்று அணுவுக்கும் சத்தாகிவிட்டது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு அதற்கு எதிரான அமினோப்டெரின் என்ற மருந்தைச் செய்து கொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார்: 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். அது நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஆனால் அதுவரை லுகீமியா வந்த குழந்தைக்கு எந்த மருந்தும் கேட்டதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட், அதுவும் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கிற மருந்துதான். லுகீமியா வந்த நம் ஊர்க் குழந்தைகள் இன்றும் அதை வாரம் ஒரு முறை மாத்திரையாகச் சாப்பிடுகிறார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ரத்தம் ஊறட்டும் என்று கடையில் வாங்குகிற டானிக்கில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீரைக் கடைசலும் கொள்ளுப்பருப்பும் நன்றாக வேகவைத்துத் தாராளமாகக் கொடுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஏ வைட்டமின் பற்றித் தனியாகப் பேசலாம் என்று வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அதிலிருந்து செய்த ஏ.டி.ஆர்.ஏ. என்ற மருந்து, ஏ.பி.எல். என்கிற ஒரே ஒரு வகை லுகீமியாவில் அதிசயமாக வேலை செய்கிறது. ஷாங்காயில் 1980களில் நிரூபித்தார்கள். மீன் எண்ணெய் மாத்திரை அதற்கு ஈடாகாது.

கடைசியாக பி12. அது ரொம்பக் குறைந்துபோனால் எலும்பு மஜ்ஜையே ரத்தப் புற்றுநோய் போலக் காட்டும், ஊசி போட்டால் சரியாகிவிடும். மறுபக்கம், நாள்பட்ட மைலாய்டு லுகீமியாவில் அது ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கும். அது சத்து கூடிய அறிகுறி இல்லை. ஆகவே பி12 ஊசி போட்டுக்கொண்டிருந்தால், ரத்தம் எடுப்பதற்கு முன்பே லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.