சிரிக்கிற வேலையிலயும் அந்நியமாதல் இரிக்கா? பாசிக்குடா தங்கச்சிட கேள்விக்கு விளக்கம்

ரெண்டு நாளா இந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே நிக்கிது. பாசிக்குடால ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல நிக்கிற தங்கச்சி கேக்கிறா, "சேர், அந்நியமாதல் வீடியோல கார்மன்ட்ஸ் பிள்ளையளப் பத்தித்தான் சொன்னீங்க, நான் ஒரு பொருளும் செய்யிறல்ல, சம்பளமும் பரவால்ல, ஆரும் ஏசுறதும் இல்ல, ஆனா வீட்ட வந்தா அம்மாவோட ரெண்டு வார்த்தை கதைக்க ஏலாமக் கிடக்கு, இது என்ன?" எண்டு.

அந்நியமாதல் எண்டா, செய்யிற வேலையும் செஞ்ச பொருளும் செய்யிற ஆளுக்கே சொந்தமில்லாத மாதிரி விலகிப் போறது. தங்கச்சி, நீங்களும் ஒரு பொருள் செய்யிறீங்க. வாற ஆள்ட மனச குளிர வைக்கிறீங்களே, அதுதான் பொருள். அதுக்குத் துணியும் நூலும் உங்கட முகம்.

மருதமுனை நெசவுத் தறிய நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன், திரும்பவும் சொல்றன். தறில இரிக்கிறவருக்கு சாறன் கண்ணுக்கு முன்னால வளருது, கரை விழுறதையும் அவரே பாக்கிறார், முடிச்சு அறுத்து எடுக்கிறதும் அவர்தான். கார்மன்ட்ஸ்ல ஒரு பிள்ள நாள் முழுக்க காலர் மட்டும் தைக்கிது. அப்பிடி ஒரு பிள்ள சொன்னது, டவுன்ல ரிஜெக்ட் சேட் விக்கிற கடையில ஒவ்வொண்டா புரட்டிப் பாத்தாவாம் இது நான் தைச்ச காலரா எண்டு, கண்டுபிடிக்க ஏலல்லையாம். இந்த அந்நியமாதலத்தான் கார்ல் மார்க்ஸ் 1844ல, 26 வயசில எழுதினார், அச்சில வந்தது 1932லதான். வேலை செய்யாத நேரம்தான் தொழிலாளிக்கு தன்ட வீட்டில இரிக்கிற மாதிரி எண்டு அதில ஒரு இடம் வருது.

உங்களுக்கு அந்த வீடும் கைவிட்டுப் போகுது. ஆர்லி ஹோஷைல்ட் எண்டு ஒரு அமெரிக்க சமூகவியலாளர், 1983ல புத்தகம் போட்டவ, விமானப் பணிப்பெண்களுக்கு ட்ரெய்னிங்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க எண்டு எழுதுறா: பயணிய உங்கட வீட்டு ஹோலுக்கு வந்த விருந்தாளியா நினைச்சுக் கொள்ளுங்க. அப்ப பாருங்க, "வாங்கோ, இரிங்கோ, தண்ணி குடிங்கோ" எண்டு அம்மா பழக்கினதத்தான் நீங்க எட்டு மணித்தியாலம் விக்கிறீங்க, மறுகா ஆரோ ஒருத்தர் ஒன்லைன்ல அதுக்கு மூணு ஸ்டார் போடுறார். இரவு அம்மாக்கு முன்னால இருந்தா அதே சிரிப்பு, அதே குரல், கூலிக்குக் குடுத்தது எது, உங்கடது எது எண்டு உங்களுக்கே பிடிபடாது.

ஆனா ஒருத்தரும் என்னட்ட கேக்காத கேள்வி ஒண்டு இரிக்கி, கோபத்த விக்கிறவங்கட கதை என்ன? ஹோஷைல்ட் கடன் வசூலிக்கிற ஆக்களையும் பாத்தவ, அவங்களுக்கு முகத்த கடுமையா வச்சிருக்கிறதுதான் வேலை. எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் மைக்ரோ கடன் வசூலுக்கு வாகரைப் பக்கம் போறவன், சரியான சாதுப் பொடியன், மோட்டசைக்கிள்ல போற வழியிலயே கோபத்த ஏத்திக்கொண்டு போகணுமாம். மனிசர மனிசர்ட்ட இருந்து பிரிக்கிறது எண்டு மார்க்ஸ் சொன்னது இந்த வாசலிலதான் நடக்கிது. ஒரு வீட்டில அந்த அக்கா பிளேன்டீ ஊத்தி நீட்டியிருக்கா, குடிச்சா மறுகா சத்தம் போட ஏலாது எண்டு இவன் வாங்கல்லையாம். சொல்லக்குள்ள அழுதிட்டான். தங்கச்சி, அடுத்த கிழமை அவன்ட கதையத்தான் முழுசா எடுக்கப் போறன், நீங்களும் கட்டாயம் பாக்கணும்.