ஏவுகணையில் மருந்து இல்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ரசாயன ஆயுதத்துக்குப் படையெடுத்துப் பதிலடி கொடுப்பது நியாயமில்லை என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி கேட்டார்: "குழந்தை நுரை தள்ளிக் கிடக்கும்போது இவர்கள் ஜெனிவாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களா?" நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் குழந்தையைப் பற்றியே பேசுவோம், அம்மா. சாரின் என்னும் நரம்பு நஞ்சு தாக்கிய குழந்தைக்கு என்ன வேண்டும்? உடுப்பைக் கழற்ற வேண்டும். உடம்பைத் தண்ணீரால் கழுவ வேண்டும். நெஞ்சில் அடைக்கும் சளி வற்றும்வரை அட்ரோபின் என்ற மாற்று மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எதை அம்மா ஏவுகணை கொண்டுவரும்?

"நஞ்சுக் கிடங்கைத் தகர்க்குமே" என்பார்கள். தகர்த்துப் பார்த்தாயிற்று, ஐயா! 1991 மார்ச் 4, இராக்கின் கமிசியா. சண்டை ஓய்ந்துவிட்டது. சாதாரண வெடிபொருள் என்று நினைத்து அமெரிக்க வீரர்கள் கிடங்குகளுக்கு வெடி வைத்தார்கள். 73ஆம் கிடங்கில் இருந்தது என்ன? சாரின் ராக்கெட்! அது தெரியாமலே மார்ச் 10இல் வெளியே பள்ளத்தில் அடுக்கிக் கிடந்த ராக்கெட்டுகளுக்கும் வெடி வைத்தார்கள். நஞ்செல்லாம் எரிந்ததா? எரியவில்லை. உடைந்த ராக்கெட்டிலிருந்து ஒழுகியது. மண்ணில் ஊறியது, மரப்பெட்டியில் ஊறியது, நாள்கணக்கில் ஆவியாகிக் காற்றில் கலந்தது. சில ஆண்டுகள் கழித்து, "உங்கள்மீதும் பட்டிருக்கலாம்" என்று சுமார் ஒரு லட்சம் வீரர்களுக்குக் கடிதம் போனது. யாருக்கு? வெடி வைத்தவர்களின் சொந்தப் படைக்கு! எதிரே ஆளில்லாத இடத்தில், நிதானமாக வைத்த வெடிக்கே இந்தக் கதி. ஊர் நடுவே இருக்கும் கிடங்குமேல் ஏவுகணை விழுந்தால்?

அழிக்க வழி உண்டு. 2013இல் சிரியா தன்னிடம் இருப்பதாகக் கணக்குக் காட்டிய ரசாயன ஆயுதப் பொருள் சுமார் 1300 டன். அதில் 600 டன்னை கேப் ரே என்ற கப்பலில், நடுக்கடலில், நீரும் காரமும் சேர்த்துச் சிதைத்தார்கள். மிரட்டியதால்தான் பணிந்தது என்பீர்கள். இருக்கட்டும், ஏவுகணை ஒன்றுகூடப் புறப்படவில்லையே! சிரியா எல்லாவற்றையும் காட்டவில்லை என்பதும் உண்மைதான். மீண்டும் நஞ்சு வீசியபோது அமெரிக்கா அடித்தும் பார்த்தது. 2017 ஏப்ரல் 7, ஷைராத் விமானதளத்தின்மீது 59 ஏவுகணைகள். அடுத்த ஆண்டு, அதே ஏப்ரல் 7, டூமாவில் குளோரின். 43 உயிர்கள், ஐயா.

2013 ஆகஸ்ட் 21, சிரியாவின் கூட்டா. மேலிருந்து குண்டு விழும் என்று பயந்துதானே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு நிலவறைக்குள் போயிருந்தார்கள்? சாரின் காற்றைவிடக் கனமானது. படியிறங்கி அங்கேயும் வந்தது. மடியில் கிடந்த பிள்ளை மடியிலேயே போனது. வானில் சத்தம் கேட்டால் கீழே ஓடு என்று மட்டும் தெரிந்த தாய் அவள். அவள் தலைக்குமேல் இன்னொரு சத்தத்தை அனுப்பாதீர்கள், நடுவர் அவர்களே. அட்ரோபின் அனுப்புங்கள்.