கார்பல் டனல் ஆபரேஷனுக்கு அப்புறம் கை எப்படி இருக்கும்?

வணக்கம் நேயர்களே. நான் பிசியோதெரபிஸ்ட், கையில ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களத்தான் தினமும் பாக்குறேன். கார்பல் டனலுக்கு ஆபரேஷன் பண்ணவங்க மூணாவது நாலாவது வாரத்துல வந்து பயந்துபோய் கேக்குறது ஒண்ணுதான், "இன்னும் வலிக்குதே, ஆபரேஷன் சரியா பண்ணலையோ?" பெரும்பாலும் எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கும், ஆனா எது சீக்கிரம் சரியாகும் எதுக்கு மாசக்கணக்காகும்னு முன்னாடியே தெரியாததால பாவம் ராத்திரி பகலா கவலப்பட்டுட்டு இருப்பாங்க.

மணிக்கட்டுல ஒரு குறுகலான வழி இருக்கு, அதுதான் கார்பல் டனல், விரல மடக்குற 9 தசைநாணும் மீடியன் நரம்பும் அதுக்குள்ளதான் நெருக்கிட்டுப் போகுது. இடம் பத்தாம நரம்பு நசுங்குனா கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்ல பாதி மரத்துப்போகும், ராத்திரி எழுந்து கைய உதறிட்டு உக்காந்திருப்போம். ஸ்ப்ளிண்ட்டும் (மணிக்கட்ட அசையாம பிடிச்சு வைக்கிற பட்டை) ஸ்டீராய்டு ஊசியும் கைகொடுக்கலன்னா ஆபரேஷன், அதுல நரம்புக்கு மேல இருக்குற லிகமெண்ட, அதாவது கெட்டியான நார்ப்பட்டைய, வெட்டி விடுவாங்க, அவ்வளவுதான். பெரும்பாலும் கைய மட்டும் மரக்க வைக்கிற ஊசிதான், அது போடும்போது நல்லா எரியும், அப்புறம் இழுக்குறது அழுத்துறது தெரியும், வலி தெரியாது. 15, 20 நிமிஷத்துல முடிஞ்சு அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். மோதிரத்த முன்னாடியே கழட்டிடுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுறவங்க அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க.

முதல் ரெண்டு மூணு நாள் கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சுக்கோங்க, ஆனா விரல அன்னைக்கே மடக்கி நீட்ட ஆரம்பிக்கணும், கட்டு போட்டிருக்குன்னு அசைக்காம வச்சிருந்தா விரல் விறைச்சுப்போகும், இத நான் எத்தன தடவ சொன்னாலும் போதாது. தையல் பிரிக்க 10லேர்ந்து 14 நாள் ஆகும்.

ராத்திரி வலிதான் முதல்ல போகும், பல பேருக்கு சில நாள்லயே நிம்மதியான தூக்கம் வந்துடும். மரத்துப்போனது அப்படி இல்ல, நரம்பு வளர்றதே ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான், அதனால ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்த நரம்புக்கு மாசக்கணக்கா ஆகலாம். அப்புறம் அந்த உள்ளங்கை அடிப்பகுதி வலி, கைய ஊனி எழும்போது தையல் போட்ட எடத்துக்கு ரெண்டு பக்கமும் சுருக்குன்னு வரும், பிடிமானமும் முன்னவிட கம்மியா இருக்கும். வெட்டுன லிகமெண்ட் ஆறுற வழியே அதுதான், மூணு மாசம் ஆகலாம், சிலருக்கு ஆறு மாசம்கூட ஆகும். உக்காந்து பாக்குற வேலைக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல போயிடலாம், வெயிட் தூக்குறவங்க ஆறு வாரமாவது பொறுங்க.

இன்னொண்ணு, கட்டைவிரல் அடியில இருக்குற சதை வத்திப்போய் பள்ளம் விழுற வரைக்கும் தள்ளிப்போட்டா ஆபரேஷன் பண்ணியும் அந்த பலம் முழுசா திரும்பாம போகலாம், என்கிட்ட வர்றவங்கள்ல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்குறது இவங்களப் பாக்கும்போதுதான். பொத்தான் போட முடியல, சாமான் கைநழுவுதுன்னா உடனே காட்டுங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல், காயத்துல சீழ், நாளுக்கு நாள் கூடுற வீக்கம், மாத்திரைக்கும் அடங்காத வலி, இதுல எது வந்தாலும் தையல் பிரிக்கிற நாள் வரட்டும்னு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரப் பாத்துடுங்க. நன்றி, வணக்கம்.