புதுப் பற்றரி போட்டும் செல்ஃப் அடிக்கவில்லையா? மீற்றரை எங்கே வைக்க வேண்டும்?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு முல்லைத்தீவில் எங்கள் முற்றத்தில் ஒரு பைக் நிற்கிறது. பக்கத்து ஒழுங்கை அண்ணையுடையது. விடியப்புறம் கரையில் மீன் எடுத்து, மாங்குளம் ரோட்டால் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் என்று கொண்டுபோய் விற்கிறவர். செல்ஃபை அமத்தினால், மோட்டாருக்குக் கறண்டைத் திறந்துவிடுகிற சுவிட்சான றிலே மட்டும் ‘டிக் டிக்’ என்று துடிக்கிறது, நியூட்ரல் லைட் செத்துப் போகிறது, எஞ்சின் சுற்றவில்லை. உதைத்துத்தான் ஸ்ராட் பண்ணுகிறார். ஓர் இடத்தில் பற்றரி பழுது என்று சொல்லிப் புதுசு போட்டுவிட்டார்கள். குறை அப்படியே இருக்கிறது. மீன் விற்ற காசு அது. அளந்து பார்க்காமல் சாமான் மாற்றச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை.

சரி, மல்ரிமீற்றரை எடுப்போம். விலை குறைந்ததே போதும். ஆனால் மீற்றருக்குள் இருக்கிற பற்றரி இறங்கியிருந்தால் வோல்ட்டைக் கூட்டிக் காட்டும். அதை முதலில் பாருங்கள். டிசி 20 வோல்ட்டில் வைக்கிறேன். பற்றரியின் இரண்டு முனையிலும் 12.7. நிறைந்த பற்றரிதான். பலரும் இந்த இடத்திலேயே மீற்றரை மூடி வைத்துவிடுவார்கள். நாங்கள் செல்ஃபை அமத்திக்கொண்டே பார்ப்போம்.

12.5. கவனியுங்கள், அசையவே மாட்டேன் என்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றினால் நல்ல பற்றரிகூட பத்து, பதினொரு வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். பற்றரி சோர்ந்திருந்தால் இன்னும் கீழே விழும். இது இறங்கவில்லை என்றால் பற்றரியிடமிருந்து கறண்டே பெரிதாக வெளியே போகவில்லை. வழியில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது.

வழி இரண்டு. பிளஸ் பக்கம் றிலே ஊடாக மோட்டாருக்குப் போகிறது, மைனஸ் பக்கம் பொடியிலிருந்து, அதாவது பைக்கின் இரும்பு உடம்பிலிருந்து, எர்த் வயரால் பற்றரிக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வருகிற பாதையை யாரும் பார்ப்பதில்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். மீற்றரின் கறுப்பு முனை பற்றரி மைனஸில், சிவப்பு முனை எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ட்டில். இரண்டும் ஒரே எர்த், எனவே பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இந்த பைக்கில் ஹெட்லைட் பற்றரியில் எரிகிறது. அதைப் போடுகிறேன். 0.6 வோல்ட். இப்போது செல்ஃப். எண் துள்ளுகிறது, பாருங்கள், 5, 8, திரும்ப 5. அவ்வளவு வோல்ட்டும் எர்த் வயரிலேயே விழுந்துவிட்டால் மோட்டாருக்கு என்ன மிச்சம்? றிலேயும் பிடிக்க முடியாமல் விட்டு விட்டுத் துடிக்கிறது.

இதே வயரைச் சாவியை நிறுத்தி, மீற்றரைப் ‘பீப்’ சத்தத்தில் வைத்துப் பார்க்கிறேன். பீப்! நல்ல வயர் என்கிறது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் நிறையப் பேர் குறையைத் தாண்டிப் போகிறார்கள். பல மீற்றர்கள் வயரில் 30, 40 ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். இங்கே இருப்பது ஏறக்குறைய 0.2 ஓம். ஹெட்லைட் இழுக்கிற 3 அம்பியருக்கு அது 0.6 வோல்ட், பெரிதாகத் தெரியாது. செல்ஃப் 30 அம்பியர் கேட்டால் 6 வோல்ட் போய்விடும். வேலை செய்கிற நேரத்தில் அளந்தால்தான் வயர் உண்மை சொல்லும்.

கழற்றுவோம். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் பொடியில் முட்டினால் பொறி பறக்கும். சீற்றுக்குக் கீழே எர்த் லக், வயர் நுனியில் போல்ட் போடுகிற வளையம், இதோ. மேலே பார்க்க ஒன்றுமில்லை, வயர் லக்குக்குள் போகிற இடத்தில் றப்பரை வெட்டினால் முழுக்கப் பச்சைத் தூள். பின்னால் கட்டுகிற மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் செய்த வேலை. கரையில் மீன் எடுத்து ஓடுகிற எங்கள் ஆட்களின் பைக் எல்லாவற்றிலும் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உட்பக்கங்களில் கிரவல் புழுதிக்குள் ஓடுகிற பைக்குகளில் சுவிட்சும் சொக்கற்றும்தான் கூடுதலாகப் பழுதாகும், அது வேறு கதை.

செம்பு பளபளவென்று தெரியும்வரை வயரை வெட்டி, புது லக் போட்டு இறுக்கி நசுக்குகிறேன். பொடியில் லக் உட்காருகிற இடத்தைச் சாண்ட் பேப்பரால் உரசி, பூட்டி, மேலே வாசலின் பூசுகிறேன்.

அப்புறம் அதே அளவு. ஹெட்லைட்டுக்கு 0.02. செல்ஃப்... கேட்டீர்களா! பற்றரி 10.9 வரை இறங்கி எஞ்சின் பிடித்துவிட்டது. கொஞ்சம் ரேஸ் பண்ணினால் பற்றரியில் 14.1. சார்ஜும் சரி. 13.5க்குக் கீழேயே நின்றால் காயில், றெகுலேற்றர் பக்கம் போக வேண்டும். 15ஐத் தாண்டினால் பற்றரியை வேகவைத்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிவப்பு முனையின் வயர் மீற்றரில் 10 அம்பியர் ஓட்டையில் செருகி இருக்கும்போது பற்றரியின் இரண்டு முனையிலும் வைக்கவே கூடாது. அது நேர் ஷோட், பிளஸையும் மைனஸையும் ஒரு வயரால் நேரே தொடுத்தது போல.

பெட்டியின் வடிகால் ஓட்டையில் ஒரு குழாயைச் செருகி மட்காட்டுக்குப் பின்னால் விடப் போகிறேன், தண்ணீர் வயரில் படாது. உங்கள் பைக்கிலும் இதே குறை என்றால் செல்ஃபை அமத்திக்கொண்டு பற்றரி வோல்ட், எர்த் வோல்ட் இரண்டையும் அளந்து கீழே எழுதுங்கள். அதைப் பார்த்து எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்கிறேன்.