வேலியோரச் செடியே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாப் பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம்.

அன்றாட உபாதைக்குக் கைகொடுப்பது வேலியோரச் செடியா, மருந்துக்கடை மாத்திரையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "செடிக்கு ஆதாரம் உண்டா, அளவு உண்டா, எக்ஸ்பைரி தேதி உண்டா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

எக்ஸ்பைரி தேதி சுலபம். காலையில் பறித்தது சாயந்திரம் வாடிவிடும். வாடினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆதாரத்துக்கு வருகிறேன். தம்பி பேசும்போது மூன்று தடவை இருமினார். போகிற வழியில் ஒரு சிரப் வாங்குவார். அந்த பாட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள் தம்பி. சளியை இளக்கும் சிரப் பலவற்றில் புரோம்ஹெக்சின் என்றோ அம்ப்ராக்சால் என்றோ போட்டிருக்கும். நம் ஆடாதோடை இலையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான் புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் போய் மாறினால் அம்ப்ராக்சால். புரோம்ஹெக்சின் கடைக்கு வந்தது 1960களில். 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்று நம் ஊரில் சொன்னதோ அதற்கு வெகுகாலம் முன்பு. நடுவர் ஐயா, எங்கள் வீட்டுப் பேரனைக் கூட்டிவந்து தாத்தாவுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்கிறார்கள்!

எனக்குப் பத்து வயதிருக்கும். கடலைக்காட்டில் களை எடுக்கும்போது களைக்கொத்தி இடது பெருவிரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்து நான் ஊரைக் கூட்ட, அம்மாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் வரப்பில் குனிந்து நாலு இலை கிள்ளினார். வெட்டுக்காயப் பூண்டு. சொரசொரவென்று இருக்கும், நீண்ட காம்பில் சின்னதாகப் பூக்கும். அந்தப் பூவின் தலையைச் சுண்டிவிட்டு 'தாத்தா தாத்தா தலையைக் கொடு' என்று விளையாடியிருப்பீர்களே, அதேதான். உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பிழிந்தார். பச்சைச் சாறு மூன்று சொட்டு. சுரீரென்றது. "ஊதாதடி!" என்று ஓர் அதட்டல். முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டு மறுபடி களை எடுக்கப் போய்விட்டார். ரத்தம் நின்றுவிட்டது. இத்தனைக்கும் அந்தச் செடி நம்முடையதுகூட இல்லை, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. வந்த செடியையும் சோதித்து, வேலையைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் படிப்பு. துருப்பிடித்த தகரம் ஆழமாகக் கிழித்தால் டெட்டனஸ் தடுப்பூசிதான் போட வேண்டும், அதில் எனக்கு வம்பில்லை.

அப்புறம் அளவு. தம்பி சொன்னதில் பாதி நியாயம். செங்காந்தளும் வேலியில்தான் ஏறுகிறது. அதன் கிழங்கைத் தின்றால் ஆளையே முடித்துவிடும். அதிலிருக்கும் கால்சிசினை அளந்து மாத்திரையாக்கினால் கௌட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. அந்த அளவுக் கணக்கைக் கடையிடமே விட்டுவிடுகிறேன். கீழாநெல்லி இருக்கிறதே என்று மஞ்சள் காமாலையோடு வீட்டில் படுத்திருப்பவரையும் நான் ஆதரிக்க மாட்டேன். காமாலை என்ன அன்றாட உபாதையா? தலைப்பை விட்டு நாங்கள் நகரவில்லை ஐயா. இருமல், தடுமம், தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு, சின்ன வெட்டுக்காயம், இவ்வளவுதான் எங்கள் எல்லை. மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிக்க எந்தத் தராசு வேண்டும்? தூதுவளை ரசத்துக்கு அளவு ஒரு கைப்பிடி. கூடிப்போனால் என்ன ஆகும்? ரசம் கொஞ்சம் கசக்கும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். தம்பி, மேடைக்குப் பின்னால் கிணற்றடி வேலியில் தூதுவளை படர்ந்திருக்கிறது. வரும்போதே பார்த்தேன். இலையிலும் முள் இருக்கும், பார்த்துப் பறியுங்கள். நெய்யில் வதக்கினால் முள் அடங்கிவிடும்.