ஏழு அங்குல ரிம்முக்கு எந்த டயர்?

நேயர்களுக்கு வணக்கம்.

காரோடு கம்பெனியிலிருந்தே வந்த சக்கரங்களை மாற்றாமல், அதே ரிம்மில் ஆட்டோகிராஸ் ஓட்டுவதற்கு எந்த அளவு டயர் போடலாம் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். பல வருடங்களாக வார இறுதிகளில் இந்தப் போட்டிகளில் ஓட்டி வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். முதன்முதலாக நானே தவறாக முடிவெடுத்ததும் இதில்தான்.

ஆட்டோகிராஸ் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை வரிசையாக வைத்து, வளைந்து நெளிந்த ஒரு பாதை போடுவார்கள். கார்கள் ஒன்றையொன்று முந்துவது கிடையாது. அவரவர் கடிகாரத்தோடுதான் போட்டி. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்கிற கார் பந்தய சங்கம் நடத்தும் போட்டிகளில் கோன் ஒன்றைத் தட்டினால் 2 விநாடி கூட்டிவிடுவார்கள். பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்ற பெயர் புல்தரையிலும் மண்ணிலும் ஓட்டுவதைக் குறிக்கும். இந்த மாதிரி கோன் போட்டியை அங்கே ஆட்டோசோலோ என்பார்கள். நான் சொல்வதெல்லாம் தார்த் தரையில், கோன்களுக்கு நடுவே ஓட்டுவதைப் பற்றித்தான்.

இந்தப் பாதையில் நேராகப் போகும் நேரம் மிகக் குறைவு. ஒரு திருப்பம் முடியும் முன்பே அடுத்த திருப்பம் வந்துவிடும். இஞ்சின் பலத்தைவிட, டயர் தரையை எப்படிப் பிடிக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

கம்பெனி ரிம்மிலேயே ஏன் ஓட்ட வேண்டும்? பலருக்கு அது காசு விஷயம். இன்னும் பலருக்கு விதியே அதுதான். எஸ்சிசிஏவின் ஸ்ட்ரீட் பிரிவில் ரிம்மின் அகலம் கார் விற்பனைக்கு வந்தபோது இருந்ததாகவே இருக்க வேண்டும். விட்டத்தில் மட்டும் ஓர் அங்குலம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். டயரின் டிரெட்வேர் எண் 200க்குக் குறையக் கூடாது. அது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று தயாரிப்பாளரே தரும் மதிப்பு. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாக இருக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டயரின் அகலத்துக்கு அந்தப் பிரிவில் வரம்பு இல்லை. காரின் உடம்பை வெட்டாமல் ஒட்டாமல் எது உள்ளே நுழைகிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் ஓட்டும் இடத்து விதிப் புத்தகத்தை, இந்த வருடப் பதிப்பைப் படித்துவிட்டே காசை எடுங்கள்.

அகலத்துக்கு வரம்பு இல்லை என்று படித்ததும் எல்லாருக்கும் ஒரே ஆசைதான் வரும்: முடிந்த அளவு அகலமாகப் போட்டுவிடலாம். எனக்கும் அந்த ஆசை வந்தது.

என் காரில் 17 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் உள்ள ரிம். கம்பெனி டயர் 215/45 ஆர் 17. இந்த எண்களைத் தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம். அந்த அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்பது ரேடியல், அதாவது டயர் கட்டப்பட்ட விதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்று எண்களும் ஒரு பேனாவும் இருந்தால் டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

நான் வாங்கியது 245/40 ஆர் 17. உயரக் கணக்கு அழகாக வந்தது. பழையது 625 மில்லிமீட்டர், புதியது 628. மட்கார்டில் இடிக்கவும் இல்லை. டயர் மாட்டுபவர் ரிம்மையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த ரிம்முக்கு இது அதிகம் சார், காற்றை அடைத்தால் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்” என்றார். நான் கேட்கவில்லை. 30 மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

அடுத்த போட்டியில் முதல் ஸ்லாலம். கோன்களை இடம் வலமாகத் தாண்டி ஓட்டும் பகுதி அது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் ஒரு கணம் யோசித்தது, பிறகு சட்டென்று சாய்ந்து திரும்பியது. இந்தப் பக்கம் திருப்பினால் அதே யோசனை, அந்தப் பக்கம் திருப்பினால் மறுபடியும். மூன்றாவது கோனுக்குள் நான் பின்தங்கிவிட்டேன். பக்கச் சுவர் மடங்குவதைத் தடுக்கக் காற்றை ஏற்றினேன். 32 பிஎஸ்ஐயிலிருந்து 36, அப்புறம் 40. ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையானது, ஆனால் பிடி போய்விட்டது. வண்டியை நிறுத்தி டயரைத் தடவிப் பார்த்தால், நடுவில் மட்டும் ரப்பர் சூடாகி ஒட்டுகிறது. உள் ஓரம் தொட்டால் ஆறிப்போய் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி தரையைச் சரியாகத் தொடவே இல்லை.

நடந்தது இதுதான். டயரின் இரண்டு விளிம்புகளும் ரிம்மின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ரிம் குறுகலாக இருந்தால் அந்த இரண்டு விளிம்புகளும் உள்பக்கம் இழுபடும். பக்கச் சுவர்கள் வெளியே பிதுங்கும், நடுப்பகுதி புடைக்கும். சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்தது போல. திருப்பத்தில் கார் பக்கவாட்டில் தள்ளும்போது, அந்தப் பிதுங்கிய சுவர் முதலில் மடங்க வேண்டும், அதன் பிறகே பட்டன் பகுதி, அதாவது தரையில் படும் ரப்பர், வேலை செய்யத் தொடங்கும். ஸ்டியரிங்கில் நான் உணர்ந்த அந்த ஒரு கணம் அதுதான். கம்பெனி காரில் கேம்பர் என்கிற சக்கரச் சாய்வையும் அதிகம் மாற்ற முடியாது. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்கிற, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூண் உள்ள கார்களில் உடல் சாயும்போது டயரின் வெளி ஓரமே பாரத்தைச் சுமக்கிறது. உள் ஓரத்தில் இன்னும் அகலம் சேர்த்து என்ன பயன்?

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் பொருந்தும் என்று தயாரிப்பாளர்கள் ஒரு வரம்பு தருகிறார்கள். 215/45 ஆர் 17க்கு அது 7 முதல் 8 அங்குலம். 225/45 ஆர் 17க்கு 7 முதல் 8.5. நான் வாங்கிய 245/40 ஆர் 17க்கு 8 முதல் 9.5. என் ரிம் 7 அங்குலம். அதாவது வரம்புக்குள்ளேயே நான் இல்லை. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஓர் எண்ணை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

வரம்பைத் தாண்டி ஓர் அளவு பெரிதாகப் போட்டு வேகமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கச் சுவர் விறைப்பான சில டயர்களில் அது பலிக்கவும் செய்யும். ஆனாலும் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். போட்டி முடிந்து அதே டயரில்தான் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகப்போகிறீர்கள். என் பரிந்துரை எளியது. உங்கள் ரிம் அகலம் எந்தெந்த டயர்களின் வரம்பில் மிகக் கீழான எண்ணாக வருகிறதோ, அவற்றில் அகலமானதுதான் உங்களுக்கான அதிகபட்ச அளவு. 7 அங்குல ரிம்முக்கு, 17 அங்குல விட்டத்தில், அது 225/45. அதைத்தான் அடுத்து நான் போட்டேன். ஸ்டியரிங்கில் அந்த யோசனை மறைந்தது. அதே கார், அதே ஓட்டுநர், 245 போட்டபோது இருந்ததைவிடக் குறுகலான டயர், நேரம் குறைந்தது.

அகலம் முடிவானதும் உயரத்துக்கு வருவோம். இதைப் பலர் கவனிப்பதில்லை. டயர் உயரமானால் கியர் எல்லாம் நீளமாகிவிட்ட மாதிரி. ஒரு சுற்றுக்குக் கார் அதிக தூரம் போகும், ஆனால் இழுவை குறையும். 205/50 ஆர் 16 போட்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 611 மில்லிமீட்டர். அகலம் வேண்டும் என்று 225/50 ஆர் 16 போட்டால் 631. மூன்று சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது கார் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், காரும் சுமார் 10 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். அதுவே 225/45 ஆர் 16 என்றால் உயரம் 609. அகலம் கூடியது, இழுவை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த அளவு உங்கள் ரிம் அகலத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் டயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லதா? இல்லை. ஆட்டோகிராஸில் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓட்டம் முடிந்துவிடும். உங்கள் கார் இரண்டாவது கியரில் 95 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சினின் சுழற்சி வரம்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் மூன்று சதவீதம் குட்டையானால் அது 92இலேயே தொட்டுவிடும். பாதையின் வேகமான பகுதியில் மூன்றாவது கியருக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். ஒரு நிமிட ஓட்டத்தில் அந்த இரண்டு கியர் மாற்றங்களும் பெரிய நஷ்டம். உங்கள் கார் எந்த வேகத்தில் வரம்பைத் தொடுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. 225 என்று பக்கத்தில் எழுதியிருந்தால் எல்லா டயரும் ஒரே அகலம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த எண் பக்கச் சுவரிலிருந்து பக்கச் சுவர் வரை உள்ள அகலம், அதுவும் குறிப்பிட்ட ஓர் அகல ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை அங்குலம் மாறினால் டயரின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர் மாறும். தரையில் படும் பட்டனின் அகலமோ ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. யோகோஹாமா அட்வான் ஏ052 அதே எண் போட்ட மற்ற டயர்களைவிட அகலமாக நிற்கும் என்று ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆகவே தயாரிப்பாளரின் அட்டவணையில் பட்டன் அகலத்தைத் தேடிப் பாருங்கள். குறுகலான ரிம்முக்கு, அகலமாக நிற்கும் ஒரு 215, ஒல்லியாக நிற்கும் ஒரு 225ஐவிட நல்ல துணையாக இருக்கலாம்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டம் ஒரு நிமிடம், அதன் பிறகு நீண்ட காத்திருப்பு. எடை குறைந்த சின்னக் காரில் மிக அகலமான டயர் போட்டால், அது சூடேறிப் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஓட்டம் முடிந்துவிடும். ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் கதை தலைகீழ். டயர் ஆறவே நேரம் இருக்காது. தண்ணீர் தெளித்துக் குளிர வைப்பார்கள். அங்கே கொஞ்சம் கூடுதல் ரப்பர் உதவும்.

பொருந்துகிறதா என்று பார்ப்பது கையால் செய்யும் வேலை. 20 மில்லிமீட்டர் அகலம் கூடினால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10. இப்போதைய டயருக்கும் உள்ளே இருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். முதல் நாள் ஓட்டியபின் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் பளபளவென்று தேய்ந்த இடம் தெரிந்தால் டயர் உரசுகிறது என்று பொருள். பாரம் தாங்கும் எண் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 87 என்றால் 545 கிலோ. நான்கு சக்கரத்திலும் இழுவை உள்ள கார்களில் முன்னும் பின்னும் உயரம் கம்பெனி வைத்த விகிதத்திலேயே இருக்கட்டும், இல்லையென்றால் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்தான் அடிபடும்.

டயர் மாட்டியாயிற்று. இனி ஒரு வெள்ளைச் சாக்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பல டயர்களில், பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் மேல், பட்டனிலிருந்து பக்கச் சுவர் வரை குறுக்காகச் சாக்பீஸால் கோடு இழுங்கள். ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் டயர் சரியாகப் படுகிறது. முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தால் மடங்குகிறது. இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முனைக்கு வெகு முன்பே நின்றுவிட்டால் காற்று அதிகம், இரண்டு இறக்குங்கள். கோடு, காற்று, நேரம், தரை ஈரமா காய்ந்ததா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

என் 245 டயர்களிலும் அன்றைக்கு நான் கோடு போட்டிருந்தேன். 32 பிஎஸ்ஐயில் முக்கோணத்தைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு அழிந்திருந்தது. நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. புதிதாக யாராவது 7 அங்குல ரிம்மோடு வந்து 245 போடலாமா என்று கேட்டால், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.

நன்றி, வணக்கம்.